பழைய பிளாஸ்டிக் சிப்பாய்கள்: யாருடையதில் ஆரம்பிப்பது?

பழைய பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்களைச் சேர்க்கலாம் என்று ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: எந்தக் கம்பெனியுடையதை வாங்குவது? ஹெரால்டா, டிம்போவா, மார்க்ஸா, டீடெய்லா, எலாஸ்டோலினா? நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். பல வருஷம் வாங்கி, கழுவி, தவறவிட்டு, சிலவற்றைக் கையிலேயே உடைத்தும் பார்த்தபிறகு என் பதில் மாறிவிட்டது. கம்பெனியின் பெயருக்கு முன்னால் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். ஐம்பது அறுபது வருஷம் கழிந்த ஒரு பொருள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதைச் சிற்பியின் திறமையைவிட அது எதில் வார்க்கப்பட்டது என்பதுதான் முடிவு செய்கிறது. அழகில் முதலிடம் பிடிப்பதும், நீங்கள் முதலில் வாங்க வேண்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த முதல் பெட்டி அப்படி. படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிரித்து ஒரு குதிரைவீரனைக் குதிரையிலிருந்து தூக்கினேன், இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் குதிரையிலேயே தங்கிவிட்டன. இழுக்கக்கூட இல்லை, எடுத்தேன், அவ்வளவுதான். உடைந்த இடம் வெள்ளையாக, காய்ந்த மெழுகை உடைத்தது மாதிரி இருந்தது. விற்றவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பிளாஸ்டிக் உள்ளுக்குள் செத்துப்போயிருந்தது, வெளியே முகம் மட்டும் அப்படியே இருந்தது.

சரி, முதலில் எதை எப்படி அடையாளம் காண்பது என்று பார்த்துவிடலாம், அதன்பிறகு ஒப்பீடு.

திருப்பிப் பாருங்கள்

கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள், கவிழ்த்து அடித்தட்டைப் பாருங்கள். பாதிப் பதில் அங்கே இருக்கும். டிம்போ என்றால் கம்பெனி பெயர் தட்டின் அடியில் புடைப்பாக இருக்கும். டீடெய்லில் உலோகத் தட்டு, அதில் அதைச் செய்த பிரிட்டன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரும் 1971 என்ற வருஷமும். ஜெர்மனியின் எலாஸ்டோலினும் பிரான்சின் ஸ்டார்லக்ஸும் தங்கள் பெயரையே போட்டுவிடும். டிம் மீ என்ற அமெரிக்கக் கம்பெனி என்றால் இல்லினாய் மாநிலத்து அரோரா என்ற ஊர்ப் பெயரும் கூட இருக்கும். எம்பிசி என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி தன் மூன்றெழுத்தைப் போடும்.

இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வது. அடியில் இருக்கும் வருஷம் அந்தப் பொம்மை செய்யப்பட்ட வருஷம் இல்லை. அது வடிவ உரிமைக்கான வருஷம். டீடெய்ல் தட்டில் 1971 என்று இருப்பதால் அது 1971இல் பிறந்தது என்று ஆகாது, அதே தட்டு அச்சு வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. மார்க்ஸின் ஆறு அங்குலச் சிப்பாய்களில் ரோமன் எழுத்தில் 1963 என்று இருக்கும், அதே அச்சிலிருந்து பின்னாலும் வார்த்திருக்கிறார்கள், அப்போதும் 1963தான். ஆகவே வருஷத்தை "இதற்கு முன்னால் இல்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஹாங்காங் என்று எழுதியிருந்தால் உடனே நகல் என்று தூக்கிப் போடுவது. ஹெரால்டு உற்பத்தியை, அதை வாங்கியிருந்த பிரிட்டன்ஸே 1966இல் ஹாங்காங்குக்குக் கொண்டுபோனது. அதனால் ஹெரால்டு பெயரும் ஹாங்காங்கும் சேர்ந்து இருந்தால் அது அசல் கம்பெனியின் பிற்காலத் தயாரிப்பு. வெறுமனே ஹாங்காங் என்று மட்டும் இருந்து, கம்பெனி பெயர் எதுவும் இல்லாமல், தட்டின் அடி குழிவாக இருந்தால்தான் நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடியில் எதுவுமே இல்லை என்றால்? அப்போது அளவுகோலை எடுங்கள். 54 மில்லிமீட்டர் என்பதுதான் இந்த உலகத்தின் பொது அளவு, 1893இல் அதே பிரிட்டன்ஸ், அதாவது வில்லியம் பிரிட்டன் கம்பெனி, உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்தபோது வந்த அளவு அது. சுமாராக 1:32 என்ற விகிதம். தட்டையும் தொப்பியையும் விட்டுவிட்டு, நேராக நிற்கும் ஓர் உருவத்தை அளக்க வேண்டும், குனிந்தோ மண்டியிட்டோ இருப்பதை அளந்து பிரயோஜனம் இல்லை. மார்க்ஸில் 54ம் உண்டு, 60ம் உண்டு. எலாஸ்டோலினின் பெரிய வரிசை 70. ஏர்பிக்ஸ் கம்பெனியின் சின்னப் பெட்டிகளில் வருவது விரல் நகத்தை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவே.

நகல்களைக் கண்டுபிடிக்கவும் இதே அளவுகோல் போதும். அசல் உருவத்தையே வைத்து அச்சு எடுத்து, அதில் புதிதாக வார்த்தால், வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். நகல் எப்போதும் அசலைவிட ஓரிரு மில்லிமீட்டர் சின்னதாக இருக்கும். என் மேசையில் இப்போது ஒரே தோரணையில் இரண்டு காக்கிச் சிப்பாய்கள் நிற்கிறார்கள், ஒன்று ஹெரால்டு, ஒன்று பெயரில்லாத ஹாங்காங். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஹாங்காங்காரன் தம்பி மாதிரி தெரிகிறான். ஹெரால்டில் துப்பாக்கியைப் பிடித்த விரல்கள் நான்கும் தனித்தனியாகத் தெரிகின்றன, இடுப்புப் பையின் மூடிக்கு அடியில் ஒரு நிழல் விழுகிறது, முழங்காலுக்குப் பின்னால் துணி மடிந்த இடம் மடிப்பாகவே இருக்கிறது. நகலில் விரல்கள் ஒரே கட்டி, பையும் மூடியும் ஒன்றாகக் கலந்துவிட்டன, காதிலிருந்து தோள் வரை இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த கோடு ஒரு முகடு போல் ஓடுகிறது. நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டும். ஒருமுறை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களுக்கு நகலை அசல் என்று விற்க முடியாது, அதனால் ஆரம்பத்திலேயே வேண்டுமென்றே ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிளாஸ்டிக்

பழைய சிப்பாய்களில் பெரும்பாலும் வருவது பாலிதீன். தொட்டால் மெழுகு தடவினது போல லேசாக வழுக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அடுத்தது கெட்டியான பாலிஸ்டைரீன், மேசையில் தட்டினால் கணீரென்று சத்தம் வரும், வளையாது, ஒடியும். மூன்றாவது பிவிசி, ரப்பர் மாதிரி, கொஞ்சம் கனமாக, வயதானால் சில சமயம் மேலே பிசுபிசுப்பு வரும்.

சந்தேகம் என்றால் தண்ணீரில் போடுங்கள். பாலிதீன் மிதக்கும், மற்ற இரண்டும் மூழ்கும். பாலிதீன் தண்ணீரைவிட லேசானது என்பதால் இது நம்பகமான சோதனை, ஆனால் குழிவான தட்டில் காற்று அடைபட்டால் மூழ்க வேண்டியதும் மிதக்கும், அதனால் முதலில் தண்ணீருக்குள் கவிழ்த்து காற்றை வெளியேற்றிவிடுங்கள். பெயின்ட் அடித்ததையும் உலோகத் தட்டு உள்ளதையும் இதில் இறக்க வேண்டாம். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த ஓட்டை போகவே போகாது.

பாலிதீனின் குணம் இரண்டு, இரண்டுமே உங்கள் முடிவைப் பாதிக்கும். முதலாவது, அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் உருண்டு ஓடுவது போல, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு பெயின்டைப் பிடித்துக்கொள்வதில்லை, அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வளையும் பொருள்மேல் வளையாத பெயின்ட் இருந்தால் என்ன ஆகும், உரியத்தான் செய்யும். இரண்டாவது, வெயிலும் காற்றும் வருஷமும் சேர்ந்து அதை உள்ளுக்குள் நொறுங்க வைக்கும். எல்லா நிறமும் ஒரே மாதிரி நொறுங்குவதில்லை. ஒரே வருஷம், ஒரே அச்சு, ஆனால் ஒரு நிறம் இன்றும் வளையும், இன்னொரு நிறம் பிஸ்கட் மாதிரி ஒடியும். அதனால் ஒரு கலவைப் பெட்டியைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது உடைந்ததைத்தான். ஒரு துப்பாக்கி முனை சுத்தமாக, கூராக ஒடிந்திருந்தால் அதே நிறத்தில் இருக்கும் மற்றவையும் அதே நிலையில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வேன். முனை வளைந்து மட்டும் இருந்தால் மகிழ்ச்சி, அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி ஒவ்வொருவராக வரலாம்.

ஹெரால்டு, ஸ்வாப்பெட்

அழகு என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு ஹெரால்டுக்கு. ராய் செல்வின்-ஸ்மித் என்ற சிற்பியும் ஜாங் என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து 1953இல் தொடங்கியது, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன்ஸ் கைக்குப் போனது. அதுவரை பொம்மைச் சிப்பாய் என்றால் ஈயத்தில் விறைத்து நிற்கும் உருவம். ஈயத்தை வார்க்கும் முறைக்கு அந்த விறைப்பு வசதியாக இருந்தது. செல்வின்-ஸ்மித் செய்த ஆட்கள் ஓடுகிறார்கள், குனிகிறார்கள், உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது. பிற்பாடு வந்த எத்தனையோ கம்பெனிகள் இவற்றை நகலெடுத்ததற்கு அதுவே காரணம், நகலெடுப்பவர்கள் எப்போதும் நல்லதைத்தான் நகலெடுப்பார்கள்.

ஆனால் ஹெரால்டு பாலிதீன், கையால் பெயின்ட் அடித்தது. மேலே சொன்ன இரண்டு குணமும் அப்படியே பொருந்தும். முழுப் பெயின்டோடு, நொறுங்காமல் கிடைக்கும் இங்கிலாந்து ஹெரால்டு குறைவு, அதற்கேற்ற விலை. ஹாங்காங் ஹெரால்டில் பெயின்ட் வேலை எளிமையாகியிருக்கும், சில பெயின்ட் இடங்களைக் குறைத்திருப்பார்கள், ஆனால் சிற்பம் அதே சிற்பம். கண்ணுக்காக வாங்குபவர் ஹாங்காங் ஹெரால்டை எடுத்தால் ஒன்றும் தப்பில்லை என்பது என் கருத்து, பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்வாப்பெட் என்பது 1950களின் கடைசியில் பிரிட்டன்ஸ் கொண்டுவந்த இன்னொரு வரிசை. தலை, உடம்பு, கால், தொப்பி எல்லாம் கழற்றி மாற்றிப் போடலாம். கௌபாயின் உறையிலிருந்து கைத்துப்பாக்கி தனியாக வரும். பதினைந்தாம் நூற்றாண்டு நைட்டுகளின் வரிசை இருக்கிறதே, அதை முழுசாக ஒன்று கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்: தலைக்கவசத்தின் முகமூடி மேலும் கீழும் போகும், இறகு தனி, வாள் உறையிலிருந்து உருவி எடுக்கலாம். அந்த வாள் ஒரு தீக்குச்சியைவிட மெல்லியது. இப்போது யோசியுங்கள், ஒரு குழந்தை விளையாடிய வீட்டில் அந்த வாள் அறுபது வருஷம் தொலையாமல் இருக்குமா? கிடைப்பதில் பெரும்பாலானவை ஏதோ ஒன்று குறைந்தவை, அல்லது வேறொரு நைட்டின் உறுப்பைச் செருகியவை. எந்தத் தலை எந்த உடம்புக்கு உரியது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு ஸ்வாப்பெட்டுக்குப் போங்கள். முதல் வருஷத்தில் வேண்டாம்.

டிம்போ

டிம்போவின் சாமர்த்தியம் பெயின்டை விட்டொழித்ததில் இருக்கிறது. டாய் இம்போர்ட்டர்ஸ் என்பதன் சுருக்கம்தான் இந்தப் பெயர், 1938இல் தொடங்கியது, முன்னாளில் ஈயம், பிறகு பிளாஸ்டிக், ஸ்காட்லாந்தின் ஷாட்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை. 1960களில் இவர்கள் ஒரு முறையைக் கையாண்டார்கள்: ஒரு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்து, அதன்மேலேயே அடுத்த நிறத்தை வார்ப்பது. பூட்ஸ் ஒரு நிறம், கால்சட்டை ஒரு நிறம், எல்லாம் பிளாஸ்டிக்கின் நிறமே. பெயின்டே இல்லாதபோது உரிவதற்கு என்ன இருக்கிறது? ஐம்பது வருஷம் கழித்து ஒரு டிம்போ ரோமானியனைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்தால் நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி சிவப்பு சிவப்பாகவே இருக்கிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு டிம்போ மேல் தனிப் பிரியம்.

சிற்பம் ஹெரால்டு தரத்துக்கு இல்லை. ஒரே கால்கள், ஒரே உடம்பு, தலையை மட்டும் மாற்றினால் வேறு ஆள் என்கிற கணக்கு, அதனால் நூறு உருவம் வரிசையாக நிறுத்தினால் ஒரே சாயல் தெரியும். ஆனால் அதே காரணத்தால் சேர்ப்பவருக்கு ஒரு விளையாட்டும் கிடைக்கிறது. சட்டை நிறம், கால் நிறம், தலை, தொப்பி, குதிரை, சேணம் என்று எத்தனை சேர்க்கை உண்டோ அத்தனையையும் தேடுபவர்கள் இருக்கிறார்கள். கௌபாய், செவ்விந்தியர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரு பக்கம், பிரான்சின் வெளிநாட்டுப் படைப்பிரிவு, அராபியர், ரோமானியர், வைக்கிங், சிலுவைப்போர் நைட், எஸ்கிமோ வரை உண்டு. கம்பெனி 1970களின் கடைசியோடு முடிந்துபோனது.

டிம்போ வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். இடுப்பில் உடம்பும் காலும் சேரும் இடம், கழுத்து. இங்கேதான் விரிசல் விடும். அப்புறம், உடம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். குளிர்ந்த அறையில் கழற்றாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு மெதுவாகத் திருகினால் வரும், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உறுப்பு மாறியிருப்பது டிம்போவில் பெரிய குற்றம் இல்லை என்றாலும், வைக்கிங் உடம்பில் கௌபாய் தலை இருந்தால் அது யாரோ ஒரு சிறுவனின் கைவேலை, அபூர்வ வகை என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

டீடெய்ல்

பிரிட்டன்ஸ் 1966இல் ஈயத்தை நிறுத்திவிட்டு, 1971இல் டீடெய்லைக் கொண்டுவந்தது. மேலே வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் உருவம், கீழே வார்ப்பு உலோகத் தட்டு. கையில் எடுத்தாலே அந்தக் கனம் தெரியும். இந்தத் தட்டு ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தது: சிப்பாய் விழமாட்டான். தரையில் விரிப்பில் நிறுத்தி விளையாடிய எவருக்கும் இதன் அருமை புரியும்.

பெயின்டும் பாலிதீனைவிட இதில் நன்றாகப் பிடித்திருக்கிறது. துப்பாக்கி முனை, மூக்கு, தொப்பி விளிம்பு மாதிரி உரசும் இடங்களில் போயிருக்கும், மற்ற இடத்தில் நிற்கும். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ், ஜெர்மன், அமெரிக்க, ஜப்பானியச் சிப்பாய்கள், வாட்டர்லூ காலத்துப் படைகள், நைட்டுகள், அவர்களுக்கு எதிரே துருக்கியர்கள் என்று நல்ல விரிவு. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன பொம்மை என்பதால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது, அடையாளம் காண்பதில் குழப்பமே இல்லை, தட்டைத் திருப்பினால் பெயர் இருக்கிறது. ஒரே கவனம், உருவத்தையும் தட்டையும் தனித்தனியாகச் செய்து பொருத்தியது என்பதால் வேறு உருவத்தின் தட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்களா என்று காலடியைப் பாருங்கள், பசை வழிந்திருந்தால் தெரியும். பின்னாளில் சீனாவில் செய்ததும் உண்டு, தட்டில் நாட்டின் பெயர் மாறியிருக்கும்.

குறை சொல்ல வேண்டும் என்றால், தோரணைகள் கொஞ்சம் கம்மி. ஒரு வரிசைக்கு அரை டஜன் நிலைகள் என்றால் அதே ஆறு பேர் திரும்பத் திரும்ப வருவார்கள். நைட்டுகளும் துருக்கியர்களும் மட்டும் இதற்கு விதிவிலக்கு மாதிரி எனக்குப் படும், வண்ணமும் வேகமும் கூடி வந்த வரிசை அது.

மார்க்ஸும் மற்ற அமெரிக்கர்களும்

அமெரிக்காவில் பிளாஸ்டிக் சிப்பாய் போருக்கு முன்பே, 1938இல் பெர்கன் டாய் என்ற கம்பெனியோடு வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கா என்றதும் நினைவுக்கு வருவது லூயி மார்க்ஸ்தான். இங்கே ஒப்பீடே வேறு மாதிரி போகும், காரணம் மார்க்ஸ் விற்றது தனிச் சிப்பாயை இல்லை, ஒரு முழு உலகத்தை. பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே அச்சிட்ட தகரத்தில் கோட்டைச் சுவர், கட்டடம், வேலி, பீரங்கி, மரம், அதோடு ஐம்பது நூறு உருவங்கள். 1950களில் வந்த ஃபோர்ட் அப்பாச்சி, அலமோ, உள்நாட்டுப் போரின் நீலமும் சாம்பலும் பெட்டி எல்லாம் இந்த வகை. பெயின்ட் கிடையாது, ஒரே நிறத்தில் வார்த்தது. சிற்பம் அருமை, முகபாவம் வரை தெரியும், தரையில் பரப்பி வைத்தால் ஒரு காட்சியே எழுந்து நிற்கும்.

அதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மார்க்ஸ் கம்பெனி 1972இல் குவேக்கர் ஓட்ஸுக்கு விற்கப்பட்டது, பிறகு கை மாறி 1980 வாக்கில் மூழ்கியது, ஆனால் அச்சுகள் சாகவில்லை. அவை கை மாறிக் கை மாறி, அதே அச்சில் மறுபடி மறுபடி வார்க்கப்பட்டன. ஹாங்காங் நகலைச் சுருக்கத்தை வைத்துப் பிடிக்கலாம், விரலை வைத்துப் பிடிக்கலாம். இதை எப்படிப் பிடிப்பது? அளவு அதேதான், விரலும் அதேதான், சமயத்தில் எழுத்தும் அதேதான். மிச்சம் இருப்பது பிளாஸ்டிக்கின் நிறமும் மினுமினுப்பும் தொடுவுணர்வும் மட்டுமே. பழைய வார்ப்பில் கொஞ்சம் மங்கிய, மெழுகுத் தன்மை வரும், பலமுறை கையாண்ட தேய்மானம் இருக்கும், புதிய வார்ப்பு பளபளவென்று ஒரே சீராக, கொஞ்சம் கூர்மையான நிறத்தில் இருக்கும். இது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் தனி மார்க்ஸ் உருவத்துக்கு "அசல்" என்று கூடுதல் விலை கொடுப்பதை நான் புதியவர்களுக்குச் சொல்லவே மாட்டேன். பெட்டியும் தகரமும் உருவங்களும் ஒரே வீட்டிலிருந்து சேர்ந்து வந்தால் வாங்குங்கள். இல்லையா, மறுவார்ப்பு என்று தெரிந்தே மலிவாக வாங்கிப் பரப்பி மகிழுங்கள், சிற்பம் அதே சிற்பம்தானே.

டிம் மீயும் இதே கதை, பச்சை ராணுவச் சிப்பாய்கள் பழைய அச்சிலேயே இன்றும் புதிதாக வருகின்றன. எம்பிசியில் ஒரு தனி அடையாளம் உண்டு, கையே ஒரு வளையம் மாதிரி ஓட்டையோடு இருக்கும், துப்பாக்கி, வாள், கோடாரி எதை வேண்டுமானாலும் செருகலாம். ஆயுதம் எல்லாம் தொலைந்து வெறுங்கையோடு நிற்கும் எம்பிசி ஆட்கள்தான் அதிகம் கிடைப்பார்கள். ஆபர்ன் என்ற கம்பெனியுடையது முதலில் ரப்பர், பிறகு வினைல். ரப்பரில் வந்தவை இறுகி வெடித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எலாஸ்டோலின், ஸ்டார்லக்ஸ், ஏர்பிக்ஸ்

ஜெர்மனியின் ஹவ்ஸர் கம்பெனியின் எலாஸ்டோலின் இன்னொரு தட்டில் வைத்துப் பேச வேண்டியது. மரத்தூள் கலவையில் உருவம் செய்துகொண்டிருந்தவர்கள் 1950களில் கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஏழு சென்டிமீட்டர் உயரம், கையால் போட்ட வண்ணம், ரோமானியர், ஹூணர், நார்மன், வைக்கிங், லாண்ட்ஸ்க்நெக்ட் என்ற கூலிப்படை வீரர்கள். கெட்டி பிளாஸ்டிக் என்பதால் பெயின்ட் நன்றாகப் பிடித்திருக்கும், கேடயத்தில் வரைந்த சின்னம் இன்றும் அப்படியே. அதே கெட்டித்தன்மையால் ஈட்டியும் வாளும் பட்டென்று ஒடியும். ஒட்டிய ஈட்டியைக் கண்டுபிடிக்க விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பசை வேறு மாதிரி மின்னும். 1983இல் கம்பெனி திவாலாகி, அச்சுகள் ப்ரைஸர் என்ற கம்பெனிக்குப் போயின, அவர்களும் வார்த்திருக்கிறார்கள். அழகு, விலை இரண்டும் அதிகம். 54 மில்லிமீட்டர் படையோடு சேர்த்து நிறுத்த முடியாது, பக்கத்தில் அரக்கன் மாதிரி தெரியும். அலமாரியில் பத்தே பத்து வைத்துப் பார்க்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை.

பிரான்சின் பெரிகூ ஊரிலிருந்து வந்த ஸ்டார்லக்ஸும் கெட்டி, சுமார் 60 மில்லிமீட்டர், பெயின்ட் அடித்தது, நெப்போலியன் காலத்துப் படைகளுக்கு நல்ல தேர்வு.

ஏர்பிக்ஸ் சின்னச் சிப்பாய்கள் 1959இல் வர ஆரம்பித்தன. ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர், சட்டகத்தோடு ஒட்டி வரும். பழைய பெட்டிகளை உள்ளிருக்கும் பொம்மைக்காக வாங்காதீர்கள், நொறுங்கும் பிரச்சினை இந்தச் சின்ன அளவில் இன்னும் மோசம், கணுக்கால் அவ்வளவு மெல்லியது. பெட்டியின் ஓவியத்துக்காக வாங்கினால் சரி.

நான் எதை எடுக்கச் சொல்வேன்

நேரடியாகச் சொல்கிறேன். முதல் ஐம்பது உருவங்களுக்கு டீடெய்ல். பெயர் எழுதியிருக்கிறது, பெயின்ட் நிற்கிறது, உடைவது குறைவு, தாராளமாகக் கிடைக்கிறது, தப்பாக வாங்கினாலும் திரும்ப விற்க முடியும். கண் பழகும்வரை இதுதான் பாதுகாப்பு. அதோடு, கழற்றி மாட்டி, நிறத்தைத் தேடி, உட்கார்ந்து பொழுது போக்க விரும்புபவராக இருந்தால் பாதியை டிம்போவாக மாற்றிக்கொள்ளுங்கள். தரையில் காட்சி அமைக்க ஆசை என்றால் மார்க்ஸ், ஆனால் பெட்டியோடு, இல்லை என்றால் மறுவார்ப்பு. ஹெரால்டு? கலவைப் பெட்டியில் வந்தால் வரவேற்று, நல்ல நிலையில் இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்து வாங்குங்கள், முழு வரிசையைத் துரத்தாதீர்கள். எவ்வளவு பணம் இருந்தாலும் நொறுங்கிக்கொண்டிருக்கும் பாலிதீனை யாராலும் திருப்ப முடியாது, நல்ல ஹெரால்டு வருஷா வருஷம் குறைந்துகொண்டுதான் வரும். இதைச் சொல்ல எனக்கே வலிக்கிறது, ஆனாலும் முதலில் பணத்தைப் போடுபவருக்கு வேறு எப்படிச் சொல்வது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஏற்கெனவே சில இருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அங்கே என்ன இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள், யார் விளையாடியது என்று தெரிந்த ஒரு உடைந்த சிப்பாய்க்கு முன்னால் மற்ற ஒப்பீடு எதுவும் நிற்காது.

வாங்கிய பிறகு வைக்கும் இடமும் பிளாஸ்டிக்கைப் பொறுத்ததே. ஜன்னல் வெயில் படும் அலமாரி பாலிதீனுக்கு எமன். பிவிசி உருவத்தையும் கெட்டி பாலிஸ்டைரீன் வண்டியையும் ஒன்றையொன்று தொடும்படி வருஷக்கணக்கில் போட்டு வைத்தால், பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து வண்டியில் உருகிய தடம் விழும். இரண்டையும் தொடாமல் தள்ளி வையுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பழைய மெத்தென்ற பிரஷ். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பெயின்டோடு கெட்டி பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

கடைசியாக, படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: எல்லாவற்றையும் கவிழ்த்து அடித்தட்டு தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, கணுக்காலும் துப்பாக்கி முனையும் நெருக்கமாகத் தெரிய ஒன்று. விவரம் தெரிந்தவர் கேட்ட அன்றே அனுப்பிவிடுவார். விவரம் தெரியாதவருக்கும் இதை எடுக்க இரண்டு நிமிஷம்தான் ஆகும், அனுப்பவே இல்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.